பள்ளிக் குதிரையை வாங்கலாமா? வாங்கிய பிறகு எனக்குத் தெரியவந்தவை

குதிரையேற்றம் கற்றுக்கொள்கிறவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடுகிறது. குதிரையேற்றப் பள்ளியில் வாராவாரம் ஏறிப் பழகிய அதே குதிரையை நாமே வாங்கிவிட்டால் என்ன? அதன் நடை தெரியும், குணம் தெரியும், எந்தப் பக்கம் திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கும் என்பதுகூடத் தெரியும். முன்பின் தெரியாத குதிரையைத் தரகர் பேச்சை நம்பி வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நினைப்பில் பாதி சரிதான். மீதிப் பாதியை எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. வாங்கிய முதல் ஆண்டில் கால்நடை மருத்துவருக்கும் மருந்துக்கும் நான் கொடுத்த தொகை, குதிரையை வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. தூக்கமில்லாமல் லாயத்தில் கழித்த இரவுகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இதே யோசனையில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்மை நீக்கிய பழுப்புக் குதிரை, பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை. பள்ளியில் குழந்தைகளை ஏற்றுவதும் அவன்மேல்தான், பயந்து நடுங்குகிற பெரியவர்களை ஏற்றுவதும் அவன்மேல்தான். ஏறியவர் ஒரு பக்கமாகச் சரிந்தால் தானாகவே வேகத்தைக் குறைத்து நின்றுவிடுவான். ஒரே நாளில் நாலைந்து பேர் நாலைந்து விதமாகக் கடிவாளத்தை இழுப்பார்கள், பாதம் வைக்கும் அங்கவடியில் கால் நிற்காமல் விலாவில் உதைத்துக்கொண்டே இருப்பார்கள். அத்தனையையும் பொறுத்துக்கொள்வான். நான் முதன்முதலாகக் கேன்டர் என்ற தாவியோடும் வேக நடையில் போனது அவன் முதுகில்தான். பிடரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போன அந்த ஒரு சுற்றுக்குப் பிறகு எனக்கு வேறு குதிரை கண்ணில் படவே இல்லை. புதிதாக ஏறப் பழகியவர் மூன்று நான்கு வயது இளங்குதிரையை வாங்கக்கூடாது என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குதிரைக்கும் ஒன்றும் தெரியாது, ஏறுகிறவருக்கும் ஒன்றும் தெரியாது என்றால் யாராவது அடிபடுவது உறுதி. அந்த வகையில், எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய பள்ளிக் குதிரையை முதல் குதிரையாக வாங்க நினைப்பதில் நியாயம் இருக்கிறது. இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன்.

ஒருநாள் வகுப்பு முடிந்து சேணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் வந்தார். "இவனைக் கொடுத்துடலாம்னு இருக்கோம்மா. இன்னொருத்தர் கேட்டுட்டே இருக்கார். உனக்கு இவன்மேல பிரியம்னு தெரியும், அதான் முதல்ல உன்கிட்ட சொல்றேன்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. நான் வாங்காவிட்டால் எங்கே போவானோ, யார் கையில் சிக்குவானோ என்ற எண்ணமே சுற்றிச் சுற்றி வந்தது. பள்ளிக் குதிரை விஷயத்தில் எல்லாவற்றையும்விட அதிகமாக நம்மை அழுத்துவது இதுதான். விலை பேசும்போது நம் பக்கம் ஏற்கெனவே பாசம் உட்கார்ந்திருக்கிறது, விற்பவருக்கும் அது நன்றாகத் தெரியும். இந்த நிலையில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். குதிரைமேல் எந்த ஒட்டுதலும் இல்லாத, குதிரை தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அவர் வேண்டாம் என்றால் குறைந்தது ஒரு வாரமாவது ஆறப்போட்டு யோசிப்பேன் என்று முன்கூட்டியே உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். இன்னொருத்தர் கேட்கிறார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அந்த இன்னொருத்தர் முதலில் வாங்கிவிட்டாலும் உங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஏன் விற்கிறீர்கள்? பள்ளிக்கு வருமானம் தருவதே இப்படிப்பட்ட சாதுவான, யாரை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்கிற குதிரைதான். அப்படியொரு குதிரையை நல்ல நிலையில் யாரும் சுலபமாகக் கைவிடமாட்டார்கள். நேர்மையான காரணங்களும் உண்டு. பள்ளியை மூடுகிறார்கள், குதிரைகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள், நாள் முழுக்க வட்டமடித்துச் சலித்துப்போன குதிரைக்கு ஒரே ஆளுடைய அன்பான வாழ்க்கை கிடைக்கட்டும் என்று நினைக்கிறார்கள். வயதாகிவிட்டது, முன்புபோல மணிக்கணக்கில் உழைக்க முடியவில்லை, வாரத்தில் சில நாள் லேசாக ஓட்டினால் போதும் என்று ஒளிக்காமல் சொல்லும் பள்ளிகள்கூட இருக்கின்றன. அப்படிச் சொன்னால் மதிக்க வேண்டும், அதற்கேற்ற விலையையும் பேச வேண்டும். ஆனால் "சும்மாதான், குதிரை அதிகமாயிடுச்சு" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த கேள்விகளுக்குப் போய்விடுங்கள். கடந்த ஓராண்டில் எப்போதெல்லாம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தீர்கள்? என்ன காரணத்துக்காக? இப்போது என்ன மருந்து, என்ன பொடி, என்ன துணைத்தீவனம் கொடுக்கிறீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது? மாஸ்டரிடம் கேட்ட அதே கேள்விகளைக் குதிரையைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டும் ஆளிடமும் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

என் விஷயத்தில் மருத்துவப் பரிசோதனை நடக்காமல் இல்லை. பள்ளிக்கு வழக்கமாக வரும் மருத்துவர்தான் பார்த்தார். கண், இதயம், நுரையீரல் எல்லாம் பார்த்தார், டிராட் என்ற மிதமான ஓட்டத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். சுத்தமாக ஓடினான். காலை வகுப்பு முடிந்து உடம்பு சூடாக இருந்த நேரம் அது. அந்த ஒரு விஷயம் எவ்வளவு முக்கியம் என்பது பின்னால்தான் விளங்கியது.

வாங்கி, வாடகை லாயம் ஒன்றுக்கு மாற்றினேன். தனி அறை, சுத்தமான படுக்கை, நேரத்துக்குத் தீனி, தொட்டியில் எப்போதும் தண்ணீர். நாள் முழுக்க உழைத்தவனுக்கு இனி ஓய்வு என்று என் மனம் நிறைந்திருந்தது. அவனோ முதல் நாளே கனைக்கத் தொடங்கினான். பள்ளியில் அவனுடைய அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு வெள்ளைப் பெட்டைக்குதிரை இருந்தது. வகுப்பிலும் பெரும்பாலும் அதன் வாலைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பான். இங்கே பக்கத்தில் குதிரை இருந்தாலும் நடுவில் சுவர். கதவுக்கு மேலே தலையை நீட்டி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தான், வேர்த்துக் கொட்டியது, முன்னால் போட்ட புல்லை அப்படியே விட்டுவிட்டான். குதிரை கூட்டமாக வாழ்கிற பிராணி. இன்னொரு குதிரை கண்ணில் பட்டுக்கொண்டும் தொடமுடிகிற தூரத்திலும் இருந்தால்தான் அது நிம்மதியாகப் படுத்து உறங்கும். பல ஆண்டு ஒரே கூட்டத்தில் இருந்த பள்ளிக் குதிரையைத் திடீரென்று பிரித்தால் அதற்குப் பெரிய அதிர்ச்சி.

சில நாளில் வயிற்றுவலி வந்தது. கோலிக் என்று குதிரைக்காரர்கள் பயத்தோடு சொல்கிற அதேதான். இரவில் போனபோது முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தான். திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தான். பிறகு படுத்து உருண்டான். தாடையெலும்புக்கு அடியில் ஓடும் நாடியில் விரல் வைத்து எண்ணினேன். ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28-லிருந்து 44 வரை இருக்க வேண்டிய துடிப்பு, 60-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. லத்தி போட்ட அடையாளமே இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் அடைத்துக்கொண்டதை வெளியேற்ற மருத்துவர்தான் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும். அவர் வந்து சேரும்வரை அவனை மெதுவாக நடத்திக்கொண்டே அழுதேன். அன்றைக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை, மருந்திலேயே சரியானது. இடமாற்றத்தின் பதற்றம், நடமாட்டம் குறைந்தது, தீவனம் ஒரேயடியாக மாறியது மூன்றும் சேர்ந்துகொண்டிருக்கின்றன என்றார் மருத்துவர். குதிரையைக் கொண்டுவரும்போது பழைய இடத்துத் தீவனத்தையும் புல்லையும் குறைந்தது பத்து நாளைக்காவது கேட்டு வாங்கி வர வேண்டும், புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதை அப்படியே இங்கே சொல்கிறேன். விற்கிற இடத்தில் இதைக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் புதியவர்களுக்குத் தெரியாது. சாதாரணமாக இருக்கும்போது உங்கள் குதிரையின் நாடி, மூச்சு, உடல் வெப்பம் எவ்வளவு என்று எடுத்து எழுதி லாயத்துக் கதவிலேயே ஒட்டி வையுங்கள். வெப்பம் 37.5-லிருந்து 38.5 டிகிரி செல்சியஸ், மூச்சு நிமிடத்துக்கு 8-லிருந்து 16 என்பது பொதுவான அளவு. உங்கள் குதிரையின் அளவு தெரிந்திருந்தால் நள்ளிரவில் மருத்துவரிடம் போனில் சொல்ல உருப்படியான தகவல் கையில் இருக்கும்.

சவாரியிலும் எனக்குத் திகைப்புத்தான். பள்ளியில் நான் குதிகாலை லேசாக அழுத்தினால் டிராட் எடுத்த குதிரை, இங்கே எவ்வளவு அழுத்தினாலும் நகரவில்லை. நகர்ந்தாலும் லாயத்து வாசல் பக்கமே இழுத்தான். கூட வந்து பார்த்த பயிற்சியாளர் ஒருவர் சிறிது நேரம் கவனித்துவிட்டு, மைதானத்தின் நடுவில் நின்று உரக்க "டிராட்!" என்றார். உடனே எடுத்தான். அத்தனை காலமும் அவன் கேட்டுக்கொண்டிருந்தது மாஸ்டரின் குரலை. என் காலையோ கையையோ அவன் கணக்கிலேயே எடுத்ததில்லை. எத்தனையோ புதியவர்கள் உதைத்து உதைத்து மரத்துப்போன விலா அது, மேலே இருப்பவர் செய்வதைக் கண்டுகொள்ளாமல் இருந்தால்தான் பொழுதை ஓட்ட முடியும் என்று கற்றுக்கொண்டிருக்கிறான். அதில் அவன் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் வாங்கும் முன் இதைச் சோதித்துவிடலாம், மிகச் சுலபம். மாஸ்டரை மைதானத்தைவிட்டு வெளியே போகச் சொல்லுங்கள். மற்ற குதிரைகளையும் அனுப்பிவிடச் சொல்லுங்கள். நீங்களும் அவனும் மட்டும் இருக்கும்போது நடக்கிறானா, நிற்கிறானா, இரண்டு பக்கமும் திரும்புகிறானா, வாசலைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகிறானா? பிறகு பள்ளிக்கு வெளியே, தெரியாத பாதையில், துணைக்குதிரை இல்லாமல் கொஞ்ச தூரம் போய் வாருங்கள். அதற்கான தேர்ச்சி உங்களுக்கு இன்னும் இல்லையென்றால் தேர்ந்த ஒருவரை ஏற்றி அனுப்பிக் கூடவே நடந்து பாருங்கள். பல பள்ளிக் குதிரைகள் ஆண்டுக்கணக்கில் தனியாக வெளியே போயிருக்கவே மாட்டா.

இதையெல்லாம்கூடப் பயிற்சியால் சரிசெய்துவிடலாம் என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். கால் விவகாரம்தான் என்னை உடைத்துப் போட்டது. நொண்டினான் என்று சொல்ல முடியாது. காலையில் அறையைவிட்டு வெளியே வரும்போது பின்னங்கால்களைக் குறுகக் குறுக வைப்பான். சிறிது நேரம் நடந்தால் சரியாகிவிடும். கேன்டர் கேட்டால் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு டிராட்டிலேயே வேகமாக ஓடுவான். சோம்பல் என்றார்கள், முரட்டுப் பிடிவாதம் என்றார்கள், சாட்டை எடு என்றுகூட ஒருவர் சொன்னார். கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர் லாடம் அடிக்க வந்தவர். கழற்றிய லாடங்களைத் தரையில் வரிசையாக வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முன்னங்கால் லாடங்கள் சீராகத் தேய்ந்திருந்தன. பின்னங்கால் இரண்டிலும் முனைப்பக்கம் மட்டும் கத்திமுனைபோல மெலிந்து போயிருந்தது. "காலைத் தூக்கி வைக்க முடியாம இழுத்துட்டு நடக்கிறான்மா. டாக்டரைக் கூப்பிடு" என்றார். புதிய மருத்துவர் வந்து, பின்னங்கால் மூட்டை மடக்கி ஒரு நிமிடம் போலப் பிடித்திருந்துவிட்டு உடனே டிராட் ஓடவிட்டார். முதல் சில அடிகள் வெளிப்படையாகவே நொண்டினான். எக்ஸ்ரேயில் இரண்டு பின்னங்கால்களிலும், ஹாக் எனப்படும் பெரிய மூட்டின் கீழடுக்கில் தேய்மானம், எலும்பு முளைத்து ஓரங்கள் சொரசொரப்பாகத் தெரிந்தன. ஒரு காலில் மட்டும் வலி என்றால் தலையாட்டத்திலோ இடுப்பசைவிலோ தெரிந்துவிடும். இரண்டிலும் ஒரே அளவு வலி என்றால் குதிரை சமமாகக் குறுக்கி நடக்கும், பார்ப்பவர் கண்ணுக்கு அது சோம்பேறிக் குதிரையாகவே படும்.

பழைய பள்ளியில் அவனைப் பார்த்துக்கொண்ட அண்ணனைத் தேடிப் போனேன். தயங்கித்தான் பேசினார். "பொடி கலந்து குடுப்போம்மா, இல்லாட்டி காலைல எந்திரிச்சு வரவே மாட்டான். உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்." குதிரைகளுக்குக் கொடுக்கும் ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி அது, பியூட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மருத்துவர் சொல்லிக் கொடுத்தால் அதில் தவறில்லை, வயதான குதிரைகள் பலவற்றுக்கு அது உதவுகிறது. வாங்க வந்தவளிடம் மறைத்தார்களே, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வலியோடு நின்றவனைச் சாட்டையெடுத்து ஓட்டச் சொன்னார்களே என்று நினைக்க நினைக்க நெஞ்சு பதறியது.

அப்போது இன்னொன்றும் புரிந்தது, இந்தக் கட்டுரையை எழுதவே அதுதான் காரணம். பள்ளியில் நான் பார்த்துப் பழகிய அந்த நல்ல குதிரையை உண்டாக்கியதில் பள்ளியின் தினசரி ஒழுங்குக்கும் பெரிய பங்கு இருந்தது. விடிந்ததும் யாராவது நடத்திப் பதப்படுத்துவார்கள். தினமும் சில மணி நேரம் நிதானமான வேலை, அதனால் மூட்டு இறுகவில்லை. முன்னால் போக ஒரு துணைக்குதிரை. கட்டளையிட மாஸ்டரின் குரல். தீவனத்தில் மருந்து. இவ்வளவையும் அங்கேயே விட்டுவிட்டு குதிரையை மட்டும் நான் கூட்டி வந்தேன். என் வேலை நேரத்துக்கு ஏற்ப வார நாட்களில் பெரும்பாலும் அறையில் நின்றான், விடுமுறையில் அதிக நேரம் சவாரி. தேய்ந்த மூட்டுள்ள குதிரைக்கு இதைவிடக் கெட்ட அட்டவணை இருக்க முடியாது. ஓய்வு கொடுத்து மகிழ்விக்கிறேன் என்று நான் நினைத்த நாட்களில்தான் அவனுக்கு அதிகமாக வலித்திருக்கிறது. பள்ளிக் குதிரையை வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் ஒரு முழு நாள், விடியற்காலை முதல் இரவு வரை, பள்ளியிலேயே இருந்து அதன் நாள் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்பேன். அதில் எதை உங்களால் கொடுக்க முடியும், எதை முடியாது, முடியாததை எடுத்துவிட்டால் இந்தக் குதிரை என்னவாகும்? அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் மேலே பேசலாம்.

பரிசோதனை விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், பணம் மிச்சமாவது இங்கேதான். விற்பவருக்கு வழக்கமாக வரும் மருத்துவரை விட்டுவிட்டு, குதிரைகளை மட்டுமே அதிகம் பார்க்கும் வேறொருவரை உங்கள் செலவில் வரவழையுங்கள். இரவெல்லாம் அறையில் நின்ற குதிரையை, சேணம் போடும் முன்பே, வெளியே எடுக்கும் முதல் அடியிலிருந்து அவர் பார்க்க வேண்டும். கெட்டியான தரையில் நேர்கோட்டில் டிராட், பிறகு நீளக் கயிற்றில் வட்டமாக இரண்டு பக்கமும், பிறகு நான்கு கால்களிலும் மூட்டை மடக்கும் சோதனை. குதிரைக்கு வயது அதிகம் என்றால் முன்னங்குளம்பு, ஹாக் எக்ஸ்ரே. பதினைந்து வயதைத் தாண்டியிருந்தால் குஷிங் நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். வயதான குதிரைகளுக்குச் சாதாரணமாக வரக்கூடிய இந்த நோய், குளம்புக்குள் வீக்கம் வந்து நடக்கவே முடியாமல் போகும் லேமினைட்டிஸில் கொண்டுபோய் விடும். பரிசோதனை நாளில் ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். வலிநிவாரணி கொடுத்து வலியை மறைத்திருந்தார்களா என்று பின்னால் சந்தேகம் வந்தால் அதை ஆய்வுக்கு அனுப்பலாம். ரத்தம் எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொன்னாலே சில விற்பவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. முதுகில் சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளை முடித் திட்டுகள் இருந்தால் பழைய சேணப் புண்ணின் அடையாளம். வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்கத் திரும்பினாலோ மூச்சைப் பிடித்தாலோ முதுகோ வயிறோ வலிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். பின்னங்கால் லாடத்தின் முனையைப் பார்க்க எந்தப் படிப்பும் தேவையில்லை.

வயதையும் சோதியுங்கள். என் குதிரைக்குப் பன்னிரண்டு வயது என்று சொன்னார்கள். குதிரையின் மேல்வரிசை முன்பற்களில் கடைசிப் பல்லில் ஒரு பழுப்புக் கோடு வரும். சுமார் பத்து வயதில் ஈறோரம் தலைகாட்டும், பதினைந்தில் பாதிப் பல்வரை இறங்கும், இருபதில் பல்லின் முழு நீளத்துக்கும் ஓடும். குதிரைக்குக் குதிரை கொஞ்சம் மாறும் என்பதால் சரியான ஆண்டை இதிலிருந்து சொல்ல முடியாது. என்றாலும் பாதியைத் தெளிவாகத் தாண்டிய கோட்டைப் பார்த்த யாரும் பன்னிரண்டு என்று சொல்லமாட்டார்கள். குதிரைகள் 25-லிருந்து 30 ஆண்டுவரை வாழ்கின்றன. ஏறி ஓட்ட முடியாத நிலை பதினெட்டில் வந்துவிட்டால் அதன் பிறகும் பத்தாண்டு தீவனம், லாய வாடகை, ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு திருத்தம், ஆண்டுக்கொருமுறை பல் ராவுதல், தடுப்பூசி எல்லாம் இருக்கும். 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து கிலோ காய்ந்த புல் தின்னும், ஏறினாலும் ஏறாவிட்டாலும். வயதான, கால் சரியில்லாத குதிரையை நல்ல கையில் விற்பது அநேகமாக நடக்காத காரியம். அந்த ஆண்டுகளை உங்களால் தாங்க முடியுமா என்று வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். வலி தாங்க முடியாத நிலை வந்தால் மருத்துவர் கையால் அமைதியாக விடைகொடுக்கும் முடிவையும் நீங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்காமலே அந்தக் குதிரையோடு இருக்க வழி இருக்கிறது. பல பள்ளிகள் பாதிப் பொறுப்பாகக் குதிரையைத் தருகின்றன, ஹாஃப் லீஸ் என்பார்கள். மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்தால் வாரத்தில் சில நாள் குதிரை உங்களுடையது. மழைக்காலம், வெயில்காலம் இரண்டையும் அப்படிப் பார்த்துவிட்டால் பல உண்மைகள் தானாக வெளியே வரும். வாங்கியே தீர வேண்டும் என்றால், முதல் சில மாதங்கள் பழைய பள்ளியிலேயே லாய வாடகை கொடுத்து விட்டுவைப்பதைப் பற்றிக் கேளுங்கள். துணையும் இடமும் மாறாது, உரிமையாளராக நீங்கள் மட்டும்தான் புதிது. செலவைக் குறைக்க வகுப்புகளுக்குக் குதிரையைக் கொடுக்கச் சொல்வார்கள். கொடுப்பதானால் வாரத்துக்கு எத்தனை மணி, எவ்வளவு எடை உள்ளவர்வரை, யாருடைய சேணம், அடிபட்டால் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேணத்தோடு சேர்த்து ஏறுபவரின் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட வரம்பு. மூட்டு தேய்ந்த குதிரைக்கு இன்னும் குறைவாக வைக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தத்திலும் வயது, இதுவரை வந்த நோய்கள், இப்போது கொடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் விற்பவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்தது தொகையும் தேதியும் மட்டும் எழுதிய ஒரு ரசீது. அதை வைத்துக்கொண்டு பள்ளியிடம் வாதாட எதுவும் இல்லை.

அவன் இப்போது நாள் முழுக்க இன்னும் இரண்டு குதிரைகளோடு திறந்த புல்வெளியில் நிற்கிறான். மூட்டுக்குள் ஊசி போட்டோம், பின்னங்கால் லாடத்தின் முனையை உருட்டி அடிக்கிறோம், தினமும் லேசாக நடத்துகிறோம். ஹாக்கின் அந்தக் கீழ் மூட்டுகள் காலப்போக்கில் தாமாகவே ஒட்டிப்போய் வலி குறைவதும் உண்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவனுக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது என்று நினைக்கிறோம். நடையும் சிறிது டிராட்டும் மட்டும்தான் சவாரி. கேன்டர் பழக வேறொரு பள்ளிக்குப் போய் வேறு குதிரைகளில் ஏறுகிறேன், அதற்கும் தனியாகப் பணம் கட்டுகிறேன். அவனை வாங்கியதற்கு வருத்தமா என்று கேட்கிறார்கள். அவன்மேல் வருத்தம் இல்லை. எல்லாம் தெரிந்திருந்தால் பாதி விலைக்கும் கீழே பேசியிருப்பேன், இந்தப் புல்வெளிக்கே நேராகக் கூட்டி வந்திருப்பேன், அவனுக்கு அந்த வலி நாட்கள் இருந்திருக்காது.

அண்மையில் தோழி ஒருத்தி இதே கேள்வியோடு வந்தாள். அவள் பள்ளியில் ஒரு பெட்டைக்குதிரையைக் கொடுக்கிறார்களாம். விடிகாலையில் சொல்லாமல் போய் இருவரும் நின்றோம். அறையைவிட்டு நீளமாக அடி வைத்து வந்தது, லாடம் சீராகத் தேய்ந்திருந்தது, மாஸ்டர் வெளியே போன பிறகும் அவள் காலுக்குப் பதில் சொன்னது. ஆனால் துணைக்குதிரை கண்ணில் படாத தூரம் போனதும் நின்றுவிட்டது, அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பள்ளிக்காரர்கள் அதை மறைக்கவில்லை, எப்போதும் இப்படித்தான் என்று சொன்னார்கள். இப்போது அவள் பாதிப் பொறுப்பில் எடுத்திருக்கிறாள். தினமும் இன்னும் கொஞ்ச தூரம் தனியாக நடத்திப் பழக்குகிறாள், மழைக்காலம் முடிந்த பிறகு வேறு மருத்துவரை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யப் போகிறாள்.